முதல் கேமராவுக்குக் கடன் வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் தயாராகாத பொருள் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும், சுங்குவார்சத்திரத்தில் ஃபிரிட்ஜும் டி.வி.யும் ஐபோனும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், வெளிமாநிலங்களிலிருந்தும் இங்கு வேலைக்கு வந்து சேரும் இளைஞர்கள், இளம்பெண்கள் பலருக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிலருக்கு அது விடுமுறை நாளில் கல்யாண ஆர்டர் எடுத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கும் வழி. சிலருக்கு ஆலைக்கு வெளியே தனக்கென்று இருக்கும் ஒரே கலை. சம்பளக் கணக்கில் இரண்டு மாதம் பணம் விழுந்ததுமே செல்போனுக்கு இ.எம்.ஐ. அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். புத்தம்புது கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு பை, மாதத் தவணை மட்டும் கட்டினால் போதும் என்பார்கள். முதல் கேமராவை இப்படி வாங்குவது தவறான முடிவு என்பதே என் வாதம். கையில் இருக்கும் பணத்துக்குள், செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல டி.எஸ்.எல்.ஆர். பாடியை வாங்கி, மிச்சத்தை லென்ஸில் போடுவதுதான் இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்கு இன்று பொருத்தமான வழி. சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. படத்தின் தரத்துக்கும் இதுவே நல்லது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் நடந்த சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அந்த ஆலைத் தொழிலாளர்களின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 25,000 ரூபாய் என்று செய்திகள் வந்தன. பெரிய நிறுவனம் ஒன்றின் நிரந்தரத் தொழிலாளர்களின் நிலை இது. காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இதைவிடக் குறைவு. 60,000 ரூபாய் கேமராவை ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 12 மாதத் தவணைக்கு எடுத்தால், மாதம் சுமார் 5,440 ரூபாய் கட்ட வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் போக மிஞ்சுவதை அப்படியே இந்தத் தவணை விழுங்கிவிடும். ஓராண்டில் வட்டியாக மட்டும் போகும் 5,300 ரூபாய் சொச்சம், செகண்ட் ஹேண்டில் ஒரு 50 மி.மீ. லென்ஸின் விலைக்கு ஏறக்குறையச் சமம். வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் தவணைகளிலும் பிராசஸிங் கட்டணமும், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியின் இழப்பும் சேர்ந்தே இருக்கும். வேலை நிலைக்குமா என்ற கேள்வியும் இங்கே கற்பனையானதல்ல. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. தவணை பாக்கி இருக்கும்போது வேலை போனால் முதலில் விற்பனைக்கு வருவது கேமராதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இந்த இடத்தில் கறாரான பொருளாதார அறிவுரை.

அடுத்து, அந்தக் கேமரா எந்த வெளிச்சத்தில் வேலை செய்யப்போகிறது என்று பார்க்க வேண்டும். ஷிஃப்டில் வேலை பார்ப்பவருக்குக் கையில் கேமராவோடு கிடைக்கும் நேரம் பெரும்பாலும் விடிகாலை, அந்தி, இரவு. இரவு பத்து மணி வாக்கில் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களைப் படமெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருப்பது சாலை விளக்கும் டீக்கடை டியூப்லைட்டும் மட்டுமே. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அளவுள்ள 50 மி.மீ. பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸில் ஷட்டர் 1/20 நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு), பிரைமுக்கு 1/200 நொடி போதும். நடந்துவரும் மனிதர் 1/20 நொடியில் கலங்கிப்போவார்; 1/200-இல் முகம் தெளிவாக நிற்கும். கல்யாண மண்டபத்தில் விடியலுக்கு முந்தைய முகூர்த்தத்துக்கும் இதே கணக்குதான். சித்திரையில் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் உற்சவத்தின் இரவுப் புறப்பாட்டுக்கும் இதே கணக்குதான். பாடியை மாற்றி இந்த 10 மடங்கைப் பெற வேண்டுமானால் பல மடங்கு செலவாகும். லென்ஸை மாற்றினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கேனான் பாடிக்கு 2015-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம்., நிக்கானின் சிறிய சென்சார் பாடிகளுக்கு 2009-இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 ஆகிய இரண்டும் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைப்பவை. கிட் லென்ஸையும் தூக்கிப்போட வேண்டாம். மணமேடையில் இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு அதன் 18 மி.மீ. பக்கம் கட்டாயம் வேண்டும்.

புதிய மாடல் என்றால் கூடுதல் வசதி இருக்கும் என்று நாம் இயல்பாக நம்புகிறோம். ஆரம்ப நிலை கேமராக்களில் இது பல முறை பொய்த்திருக்கிறது. 2014-இல் வந்த நிக்கான் டி3300-இல் வெளி மைக் பொருத்தும் துளையும், சென்சாரில் படியும் தூசியை உதறும் ஏற்பாடும் இருந்தன. 2016-இல் வந்த டி3400-இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 2018-இன் டி3500-இலும் அவை திரும்பவில்லை. மூன்றின் சென்சாரும் 24 மெகாபிக்சல்தான். கேனானிலும் இந்தக் கதை உண்டு. 2017-இன் 200டி-யில் ஃப்ளாஷ் செருகும் இடத்தின் நடுவே இருந்த இணைப்புப் புள்ளி, 2019-இன் 200டி மார்க் 2-வில் இல்லை. அதனால் குறைந்த விலையில் கிடைக்கும் பிற நிறுவனங்களின் பல ஃப்ளாஷ்களும் டிரிக்கர்களும் அதில் இயங்காது. கல்யாண ஆர்டரை எண்ணி வாங்குபவருக்கு இந்தச் சிறு பித்தளைப் புள்ளி பெரிய செலவாக முடியும். மறுபுறம், ஒருகாலத்தில் தேர்ந்த ஆர்வலருக்கென்று வந்த பாடிகள் இன்று விலை இறங்கிக் கிடக்கின்றன. 2013-இன் நிக்கான் டி7100-இல் இரண்டு மெமரி கார்டு போடலாம். ஒன்று கெட்டாலும் தாலி கட்டும் படம் மற்றொன்றில் இருக்கும். ஷட்டர் 1,50,000 முறை சோதிக்கப்பட்டது. தூசியையும் தூறலையும் ஓரளவு தாங்கும் அடைப்பு உண்டு. பழைய லென்ஸையும் ஓட்டும் ஃபோகஸ் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் கிடையாது என்பதால், அவற்றுக்கு லென்ஸ் தேடுபவர்கள் ஏ.எஃப்-எஸ் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். மெகாபிக்சலைப் பற்றிய கவலையையும் விட்டுவிடலாம். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் அதற்கு 20 மெகாபிக்சலுக்குள் போதும். பத்தாண்டுக்கு முந்தைய 24 மெகாபிக்சல் சென்சார் இதைச் சிரமமின்றித் தருகிறது.

இனி, எதிர்வாதங்கள். செல்போனே போதுமே, அதுவும் உலகின் விலை உயர்ந்த போன்களை இந்த வட்டாரத்துக் கைகளே பொருத்தும்போது தனிக் கேமரா எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குடும்ப விசேஷங்களையும் நண்பர்களையும் எடுத்து வாட்ஸ்ஆப்பில் பகிர்வது மட்டுமே நோக்கம் என்றால் கேமராவே வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனை நன்றாகப் பயன்படுத்தினால் போதும். ஆனால் போனால் முடியாதவையும் உண்டு. டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் பரப்பு, நல்ல போன்களின் முதன்மை சென்சாரைப் போலச் சுமார் 5 மடங்கு. இருட்டில் போன் பல படங்களை அடுக்கி ஒரு படமாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அது பொருந்தும், ஓடிவரும் குழந்தைக்குப் பொருந்தாது. வேடந்தாங்கலில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையைப் போன் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தரும். ஷட்டர், துளை, ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கையால் மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்பதற்கு டி.எஸ்.எல்.ஆர். போன்ற ஆசிரியர் இல்லை. காசு கொடுத்து ஆர்டர் தருபவருக்கு நம்பிக்கையோடு படம் கொடுக்க வேண்டுமானால் அந்தக் கட்டுப்பாடு கைவசப்பட வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. டி.எஸ்.எல்.ஆர். காலம் முடிந்துவிட்டது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான் எதிர்காலம், செத்த தொழில்நுட்பத்தில் ஏன் பணம் போட வேண்டும் என்பார்கள். உண்மைதான். நிக்கானும் கேனானும் 2020-க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் கொண்டுவரவில்லை. மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதிலும் வீடியோவிலும் தெளிவாக முந்திவிட்டன. வீடியோதான் முதல் நோக்கம் என்றால் நானும் மிரர்லெஸுக்குப் பணம் சேர்க்கவே சொல்வேன். புகைப்படம் நோக்கமானால், நிறுவனங்கள் கைவிட்டதே நமக்குச் சாதகம். தொழில்முறையாளர்கள் கூட்டமாக மிரர்லெஸுக்கு மாறுவதால்தான் நல்ல பாடிகளும் லென்ஸ்களும் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. அவை நேற்றுவரை எடுத்த படத்தை நாளையும் எடுக்கும். லென்ஸைப் பொருத்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனானின் இ.எஃப் மவுண்ட் 1987-இல் வந்தது. கேனான் தயாரித்த இ.எஃப் லென்ஸ்களின் எண்ணிக்கை 2014-லேயே 10 கோடியைத் தொட்டது. இத்தனை லென்ஸ் உலவும் அமைப்பு ஐந்து பத்து ஆண்டுகளில் மறைந்துவிடாது. இன்று வாங்கும் இ.எஃப் லென்ஸை நாளை அடாப்டர் மூலம் கேனான் மிரர்லெஸ் பாடியில் ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம், நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் அத்தகைய அடாப்டர் உண்டு. ஆக, லென்ஸில் போட்ட பணம் வீணாவதில்லை. பேட்டரி விஷயத்தில் பழையதே ஜெயிக்கிறது. தரநிலைச் சோதனையில் டி3500 ஒரு சார்ஜுக்கு 1,550 படம் எடுக்கிறது. 2019-இல் வந்த நிக்கானின் இசட்50 சுமார் 300. விடிகாலை தொடங்கி மதியப் பந்தி வரை நீளும் கல்யாணத்தில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

மூன்றாவது, செகண்ட் ஹேண்ட் என்றால் ஏமாந்துவிடுவோம் என்ற பயம். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. முன்பணம் அனுப்பச் சொல்லும் ஆன்லைன் விற்பனையாளரை நம்பவே கூடாது. பொருளை நேரில் பார்த்து, கையில் எடுத்துச் சோதித்த பிறகே பணம். ஆலையில் தரப் பரிசோதனை செய்து பழகிய கண்ணுக்கு இந்தச் சோதனை கடினமல்ல. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே படரும் மெல்லிய நூலிழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். நம் ஊர் ஈரக்காற்றில் சகஜம், ஆனால் அந்த லென்ஸ் வேண்டாம். துளையை எஃப் 16-க்குக் குறைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். மூடியைப் போட்டுச் சில நொடி எடுத்த படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் எரிந்தால் கெட்டுப்போன பிக்சல்கள் இருக்கின்றன. ஃப்ளாஷ் செருகும் தண்டவாளத்தைப் பாருங்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் பளபளத்தால் அந்தக் கேமரா பல கல்யாணம் பார்த்தது. ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று கேளுங்கள். நிக்கான் எடுக்கும் படத்தின் கோப்பிலேயே அந்த எண் பதிவாகிறது. டி3500 போன்ற ஆரம்ப மாடல்களின் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால், 30,000-க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. பேட்டரி உப்பியிருக்கிறதா, திருகாணிகளில் துரு இருக்கிறதா, பில்லில் உள்ள சீரியல் எண் பாடியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பில் இல்லாத கேமரா திருட்டுப் பொருளாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக் கூடாது. தனி நபரிடம் வாங்கத் தயக்கம் இருந்தால், சில மாத வாரண்டியோடு விற்கும் கடைகள் சென்னையில் இருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் புதியதைவிட மிகக் குறைவுதான்.

பழைய கேமராவோடு போனால் யாரும் ஆர்டர் தரமாட்டார்கள் என்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். இன்று பெரிய ஸ்டுடியோக்கள் மிரர்லெஸுக்கு மாறியிருப்பது உண்மை. ஆனால் முதல் ஆண்டில் யாரும் தனியாகப் பெரிய ஆர்டர் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், இன்னொருவருக்குத் துணையாகப் போகும் செகண்ட் ஷூட்டர் வேலை என்றுதான் தொடங்க முடியும். அங்கே கேட்கப்படுவது ஆல்பம். கேமராவின் பெயர் அல்ல. கடன் வாங்கித் தொடங்கி மேலே வந்த புகைப்படக்காரர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் பட்ட பாடு மதிக்கத்தக்கது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் நல்ல கேமராவுக்கு வேறு வழி குறைவாக இருந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. 30,000 ரூபாய் கைவசம் இருந்தால் ஏறத்தாழ 20,000-க்குள் கிட் லென்ஸோடு ஒரு பாடி, 6,000-க்குள் ஒரு பிரைம், மீதியில் நல்ல மெமரி கார்டு, உபரி பேட்டரி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா என்று முடித்துவிடலாம். அந்த 30,000-மும் இப்போது இல்லை என்றால், தவணைக்குக் கட்ட நினைத்த தொகையைச் சீட்டிலோ வங்கியிலோ ஆறு மாதம் போட்டால் சேர்ந்துவிடும். அதுவரை போனில் சட்டகம் பார்க்கப் பழகலாம்.

இதில் ஒருவரின் பொழுதுபோக்குக்கு அப்பாலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தத் தொழிற்பேட்டைகளைப் பற்றி நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை திறப்பு விழாப் படங்கள். பல ஆலைகளுக்குள் தொழிலாளி போனைக்கூடக் கொண்டுபோக முடியாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டபோது கட்டடத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஷிஃப்ட் முடிந்து அங்கே திரும்பும் பெண்கள் ஓய்வு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்ற படத்தை அவர்களில் ஒருவர்தான் எடுக்க முடியும். பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் இரவுகளில் கூடிப் போராடியதை, ஒரு நாள் வந்துபோகும் செய்திக் கேமராவைவிடப் பக்கத்து ஊர்க்காரரின் கேமராவே தொடர்ந்து பதிவு செய்ய முடியும். மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான பழனி குமார், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்த அவர், 2022-இல் முதலாவது தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். உழைப்பவர் வீட்டிலிருந்து வந்தவர் கேமராவைப் பிடிக்கும்போது என்ன தெரியவரும் என்பதற்கு அவர் படங்கள் சான்று. கருவியின் விலை படத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதும் இந்த மண்ணுக்குத் தெரியும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த ஒரு சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் சுருள்தான், அந்தப் புலனாய்வுக்கு முதல் திசையைக் காட்டியது.

புகைப்படம் திரும்பத் திரும்ப எடுத்தால் வரும் கலை. ஒரே கூட்டுரோட்டுக்குப் பத்து இரவு போக வேண்டும், ஒரே உற்சவத்தை மூன்று ஆண்டு எடுக்க வேண்டும், நூறு படத்தில் தொண்ணூற்றெட்டை அழிக்கத் துணிய வேண்டும். மாதம் 5,000 ரூபாய் தவணை கட்டுபவர் அந்தப் பத்து இரவும் ஓவர்டைம் பார்ப்பார். கேமரா அலமாரியில் இருக்கும். பஸ் செலவுக்கும் பிரிண்ட் போடவும் கையில் பணம், மனதில் கடன் சுமை இல்லாத விடுமுறை நாள், இருட்டிலும் முகம் பிடிக்கும் ஒரு லென்ஸ் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் புகைப்படக்காரர் உருவாகிறார். ஆகவே கடைக்காரர் எந்த மாடலைக் காட்டினாலும், இதை வாங்கிய பிறகு படமெடுக்க என்னிடம் நேரமும் பணமும் மிச்சமிருக்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். மிச்சம் இல்லை என்றால் அந்தக் கேமரா உங்களுக்கானது அல்ல, அதைவிடப் பழையது ஒன்றைக் கேளுங்கள்.